சிசுவின் இருதயத்தில் ஒரு நிழல்

'கட்டி' என்பது நம் பாஷையில் மிகவும் செல்லமான சொல். வெல்லக் கட்டி, கற்கண்டுக் கட்டி, கட்டித் தங்கம் என்று குழந்தைகளைக் கொஞ்சுவதற்கே அதை அதிகமாக உபயோகிக்கிறோம். அதே சொல், பிறந்து மூன்று நாளான குழந்தையின் எக்கோ பரிசோதனைத் தாளில், "வலது மேலறையில் கட்டி போன்ற ஒன்று காணப்படுகிறது" என்று வந்து சேர்ந்தால் வீட்டில் என்ன நடக்கும்? பாட்டி பூஜை அறைக்குப் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறாள். தாத்தா ஜாதகக் குறிப்பைத் தேடுகிறார். தகப்பனார் கைபேசியைத் திறந்து, அரை மணிக்குள் இருபது வியாதிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு, இருபதும் தம் குழந்தைக்கு இருப்பதாகத் தீர்மானித்து விடுகிறார். தாயாரோ யாரிடமும் ஒன்றும் பேசாமல், குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

இத்தகைய தாள்களில் குறிக்கப்படும் நிழல்களில் சில மெய்யாகவே நோய்தான். வேறு சிலவோ, இயற்கை காரணத்தோடு வைத்த உறுப்புகள். தாயின் வயிற்றில் இருந்தபோது அவற்றால் குழந்தை உயிர் வாழ்ந்தது; வெளியே வந்த பிறகும் அவை சிறிது காலமோ, ஆயுள் முழுவதுமோ தங்கியிருக்கின்றன. அவற்றை நோயென்று எண்ணி, வேண்டாத மருந்தும், சில சமயம் வேண்டாத அறுவையும் நடந்ததாக வைத்திய ஏடுகளே ஒப்புக் கொண்டிருக்கின்றன. ஆகையால் "இது என்ன நோய்?" என்று கேட்பதற்கு முன்னால், "இது நோய்தானா?" என்று கேட்பதே முறை. இந்த வாரம் நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே.

முதலில், அந்தப் படம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த ஸ்தாயி ஒலியை மார்புக்குள் செலுத்தி, உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு சித்திரம் தீட்டுவதே எக்கோ. 1953-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், எட்லர் என்ற வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் இம்முறையை இருதயத்தின்மேல் பிரயோகித்துப் பார்த்தார்கள். உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் சோதிப்பதற்கு ஏற்பட்ட கருவியைத்தான் அவர்கள் இரவல் வாங்கினார்கள். கப்பலுக்குச் செய்த உபகாரத்தை அது மனிதனுக்கும் செய்யத் தொடங்கியது. கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், துடிக்கும் இருதயத்தைக் கண்ணால் காண முடிவது சாமானியமான பாக்கியம் அன்று.

ஆனால் இந்தக் கருவி சாதாரணமாகக் காட்டுவது முழு இருதயத்தையன்று. அதன் ஒரு சீவலை மட்டுமே. முருங்கைக்காயை நெடுக்கே பிளந்தால் நீளமாக இருக்கிறது. குறுக்கே நறுக்கினால் வட்டமாக இருக்கிறது. அப்படியே இருதயத்தின் உட்சுவரில் ஓடும் ஒரு தசை வரம்பை நெடுகப் பார்த்தால் வரம்பாகத் தெரியும். குறுக்கே பார்த்தால் உருண்டைக் கட்டியாகத் தோன்றும். கயிற்றைக் கண்டு பாம்பென்று மயங்குவதை நம் வேதாந்திகள் ஓயாமல் உதாரணம் காட்டுவார்கள். இங்கே கயிற்றைக் கண்டு கட்டியென்று மயங்குகிறோம். அதிலும், பிறந்த குழந்தையின் இருதயம் அதன் மூடிய கைப்பிடி அளவுதான். நிமிஷத்துக்கு 120 முதல் 160 தடவை வரையில் துடிக்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில் நாலைந்து மில்லிமீட்டர் மேடு கூடப் பெரிதாகவே தெரியும்.

இருதயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இழைத்த சுவரைப் போல் வழவழப்பாக இருப்பதில்லை. மேடும் பள்ளமும், வரம்பும் மடிப்பும், குறுக்கே ஓடும் கயிறுகளுமாக இருக்கிறது. இவற்றில் பலவற்றின் மூலத்தை அறிய வேண்டுமானால், கருவில் இருக்கும் சிசுவின் ரத்த ஓட்டத்தை அறிய வேண்டும்.

வயிற்றிலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் நஞ்சிலிருந்து கொப்பூழ்க்கொடி வழியாக வருகிறது. வந்த நல்ல ரத்தம் ஈரலைக் கடந்து, கீழிருந்து ஏறும் பெரிய ரத்தக் குழாயின் மூலம் வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து அது நுரையீரலுக்குப் போய்ப் பயனில்லை. மூளைக்குப் போக வேண்டும். அதற்காக இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் இருந்தால் மட்டும் போதுமா? ரத்தத்தை அதன் பக்கம் திருப்பிவிட ஒருவர் வேண்டாமா? வாய்க்கால் நீரை இந்தப் பாத்திக்கென்று திருப்புவதற்குக் குடியானவன் மண் அணை வைப்பது போல், குழாய் வந்து சேரும் இடத்தில் இயற்கை ஒரு மெல்லிய மடிப்பை வைத்திருக்கிறது. அதற்கு யூஸ்டேக்கிய வால்வு என்று பெயர்.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யூஸ்டாக்கி என்ற அறிஞரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. அவர் 1552-ல் தயாரித்த உடற்கூற்றுச் சித்திரத் தகடுகளில் பெரும்பாலானவை அவர் ஜீவித காலத்தில் வெளிவரவில்லை. 1574-ல் அவர் காலமானார். படங்கள் 1714-ல்தான் புஸ்தகமாயின. அறிவு பெட்டிக்குள் 140 வருஷம் தூங்கியது.

குழந்தை பிறந்து முதல் அழுகை அழுததும், நுரையீரல் விரிகிறது. இடது மேலறையில் அழுத்தம் ஏறுகிறது. ஜன்னலின் கதவு சாத்திக் கொள்கிறது. மடிப்புக்கு இனி வேலை இல்லை. கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறோம். ஆனாலும் இரண்டொரு மூங்கில் கொல்லையில் கிடக்கத்தான் செய்கிறது. அதுபோல் இந்த மடிப்பு சில குழந்தைகளுக்குச் சுருங்கிவிடுகிறது. சிலருக்கு நீண்டு, ரத்த ஓட்டத்தில் கொடிபோல் ஆடிக் கொண்டிருக்கிறது. ஜன்னலும் அப்படியே. வயது வந்தவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது முழுவதும் ஒட்டிக் கொள்வதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் யாதொரு தொல்லையும் இல்லை. சில சிசுக்களுக்கு அந்தக் கதவு காற்றில் பாய் புடைப்பது போல் புடைத்து, பக்கத்து அறையில் நீர்க்கட்டி மாதிரி தோன்றுவதும் உண்டு.

இதே வலது மேலறையில் வலை பின்னியது போன்ற நார்கள் சிலருக்கு இருக்கும். 1897-ல் கியாரி என்ற ஆஸ்திரிய வைத்தியர் இவற்றை விவரித்ததால் 'கியாரி வலை' என்கிறார்கள். சுமாராக நூற்றில் 2 பேருக்கு இது உண்டு. பெரும்பாலோர் தமக்கு இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக வாழ்ந்து விடுகிறார்கள். அந்த அறையின் வழவழப்பான பாகமும் சொரசொரப்பான பாகமும் சந்திக்கும் இடத்தில் எல்லைக் கல் நட்டது போல் ஒரு தசை வரம்பு ஓடுகிறது. 'எல்லை வரம்பு' என்றே அதற்கு லத்தீன் மொழியில் பெயர். இது எல்லோருக்கும் உள்ளது. சில குழந்தைகளுக்கு அது சற்றுத் தடித்திருக்கும். குறுக்கே வெட்டிப் பார்க்கும் எக்கோப் படத்தில் சாட்சாத் கட்டியாகவே காட்சி தரும்.

கீழறைக்கு வருவோம். வலது கீழறையில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பாலம் போட்டது போல் ஒரு தசைப் பட்டை உண்டு. 1837-ல் கிங் என்ற ஆங்கில வைத்தியர், அறை அளவுக்கு மீறி உப்பாதபடி இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் இது என்று கருதி, அதற்கேற்ற பெயரையும் சூட்டினார். 1906-ல் தவாரா என்ற ஜப்பானிய அறிஞர் இருதயத்தின் துடிப்புக் கட்டளை செல்லும் பாதையை முழுவதும் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அந்தப் பாதையின் வலது கிளை இந்தப் பட்டையின் வழியாகவும் செல்கிறது என்று தெரிய வந்தது. கடிவாளம் என்று நினைத்தது தந்திக் கம்பியாக முடிந்தது! இதைப் போய்க் கட்டியென்று வெட்டி எடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்று நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

கர்ப்ப காலத்துப் பரிசோதனையிலேயே சிலரிடம், "சிசுவின் இருதயத்தில் வெண்புள்ளி தெரிகிறது" என்று சொல்வதுண்டு. நூற்றுக்கு 3 முதல் 5 சிசுக்கள் வரை இது காணப்படுகிறது. வால்வுகளைத் தாங்கும் சிறு தசையில் சுண்ணாம்புச் சத்து அணுவளவு படிவதே பெரும்பாலும் காரணம். மற்ற அம்சங்களெல்லாம் சரியாக இருந்தால், இந்தப் புள்ளி இருதயத்தின் வேலையைக் கெடுப்பதில்லை.

இடது மேலறையில் நடந்த கதை இன்னும் ரசமானது. அங்கே காது மடல் போன்ற ஒரு பை இருக்கிறது. அந்தப் பைக்கும், நுரையீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய்க்கும் நடுவே ஒரு வரப்பு. அதை உறைந்த ரத்தம் என்று எண்ணி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மருந்தின் வியாபாரப் பெயர் கூமடின். 1948-ல் எலி பாஷாணமாகச் சந்தைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்ற சரக்கு அது. உரிய நோய்க்கு உயிர் காக்கும். தேவையில்லாத இடத்தில் ரத்தப் பெருக்கை உண்டாக்கும். எவ்வளவு நாள் மருந்து கொடுத்தாலும் வரப்பு கரையுமா? அதுதான் சதையாயிற்றே! கடைசியில் வைத்தியர்களே தங்களைக் கேலி செய்து கொண்டு அதற்குக் 'கூமடின் வரப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தவற்றின் பெயரையே உறுப்புக்குச் சூட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகையாக நிறுத்திய அந்தப் பெருந்தன்மையை நாம் மெச்சுகிறோம்.

இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இயல்பான உறுப்பை நோயென்று எண்ணினால் எத்தகைய விபரீதம் விளையும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அது இருதயத்துக்குள்ளே இருக்கும் உறுப்பைப் பற்றியதன்று. குழந்தையின் இருதயத்துக்கு மேலே போர்வை போர்த்தாற்போல் படிந்திருக்கும் தைமஸ் சுரப்பியைப் பற்றியது. எக்ஸ்ரே படத்தில் இது இருதய நிழலோடு ஒட்டிக் கொண்டு, சில குழந்தைகளுக்குக் கப்பல் பாய் விரித்தது போலத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், தூக்கத்தில் திடீரென்று இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள், அவற்றின் தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டு, அதுவே மூச்சுக் குழலை நெரித்துக் கொன்றதென்று முடிவு கட்டினார்கள். அவர்கள் எதனோடு ஒப்பிட்டுப் பெரிதென்றார்கள்? சாதாரணமாக அறுவைச் சாலைக்கு வந்தவை, ஏழ்மையிலும் பசியிலும் நெடுநாள் நோயிலும் வாடி இறந்த குழந்தைகளின் உடல்கள். நோயிலும் பட்டினியிலும் தைமஸ் விரைவில் சுருங்கிவிடும். சுருங்கியதை அளவென்று வைத்துக் கொண்டதனால், ஆரோக்கியமான குழந்தையின் சுரப்பி அவர்கள் கண்ணுக்கு நோயாகி விட்டது. வறுமையைத் தராசுக் கல்லாக வைத்து நிறுத்தால் ஆரோக்கியம் அதிகப்படியாகத்தானே தோன்றும்!

1907-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து வைத்தியர் ஒருவர், எக்ஸ்ரே கதிரைச் செலுத்திக் குழந்தையின் தைமஸைச் சுருங்கச் செய்ததாகப் பிரசுரித்தார். அதன் பின் பல்லாண்டுகள், ஆயிரக்கணக்கான சிசுக்களின் கழுத்திலும் மார்பிலும் அந்தக் கதிர் பாய்ந்தது. 1931-ல் பிரிட்டனில் இதற்கென்று அமைந்த ஆராய்ச்சிக் குழு, அப்படி ஒரு நோய் இருப்பதற்கே ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்ட பிறகும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. 1950-ல் நியூயார்க் வைத்தியர்கள் இருவர், தைராய்டுப் புற்றுநோய் கண்ட 28 இளம் பிராயத்தினரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைப் பருவத்தில் தைமஸுக்காகக் கதிர் வைத்தியம் பெற்றவர்கள்! இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சை, இருக்கும் நோயை உண்டாக்கிவிட்டது. பிறகு 1961-ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, உடலை நோயிலிருந்து காக்கும் வெள்ளணுக்களைப் பயிற்றும் பாடசாலையே தைமஸ் என்று காட்டினார். காவல்காரனைத் திருடன் என்று எண்ணி அடித்த கதைதான்.

இதனால் எக்கோவில் தெரியும் நிழலெல்லாம் பொய் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொப்பூழ் வழியாக மெல்லிய குழாய் செலுத்த நேரும்போது, அதன் முனையில் மெய்யாகவே ரத்தம் உறையலாம், கிருமிகளும் தங்கலாம். மெய்யான கட்டிகளும் உண்டு, மிகவும் அபூர்வம். சிசுக்களுக்கு வரும் இருதயக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது ராப்டோமயோமா என்ற தசைக் கட்டி. அது புற்றுநோய் இனத்தைச் சேர்ந்ததல்ல; பெரும்பாலும் வளர வளரத் தானே கரைகிறது. ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால், மூளையையும் தோலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை வியாதியின் அறிகுறியாக இருக்கக் கூடும். ஆகையால் அலட்சியம் செய்யலாகாது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? தேர்ந்த குழந்தை இருதய நிபுணர் ஒரே கோணத்தோடு திருப்தி அடைவதில்லை. வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். உருண்டை, கோணம் மாறியதும் நீண்ட வரம்பாகி விடுகிறதா? அது நிற்குமிடம் வரம்போ மடிப்போ இருக்க வேண்டிய இடந்தானா? பக்கத்துச் சதையின் சாயலே அதற்கும் இருக்கிறதா? ரத்தம் தடையின்றி ஓடுகிறதா? இவற்றையெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கிறார். இயற்கை வைத்த உறுப்பு இருந்தபடியே இருக்கும், அல்லது சுருங்கும். வளர்ந்தால் யோசிக்க வேண்டியதே.

பெற்றோர்களும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மரியாதையுடன் நாலு கேள்விகள் கேட்கலாம். "இது எந்த இடத்தில், எதோடு ஒட்டி இருக்கிறது? அங்கே இயல்பாக இருக்கக்கூடிய உறுப்பு ஏதாவது உண்டா? ரத்த ஓட்டத்தையோ வால்வையோ இது தடுக்கிறதா? இன்றே மருந்து கொடுக்காமல் காத்திருந்து மறுபடி பார்த்தால் என்ன அபாயம்?" நல்ல வைத்தியர் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். தெரிந்த வீட்டில் இன்னொருவர் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கொண்டு மட்டும் தம் குழந்தைக்கு முடிவு கட்டக் கூடாது. தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, குழந்தையின் உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலும், மூச்சு வாங்கினாலும், பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்தாலும், ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேயே கிடையாது என்று சொல்லிக் கண்ணை மூடிக் கொள்வதாலும் பயனில்லை. விளக்கைக் கொண்டு வந்து பார்க்க வேண்டும். எக்கோ என்பது அத்தகைய விளக்கு. அதன் வெளிச்சத்தில் நோயைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு கல்வி வேண்டுமோ, நோயில்லை என்று துணிந்து சொல்வதற்கும் அவ்வளவு கல்வி வேண்டும். ஆரோக்கியமான இருதயம் எத்தனை விதமாக இருக்கலாம் என்று அறிந்த வைத்தியர் ஒருவர், "அம்மா, இது உங்கள் குழந்தையின் இருதயத்தில் இருக்க வேண்டியதுதான், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பால் கொடுங்கள்" என்று சொல்வாரானால், அதைவிடச் சிறந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.